காற்றுப் புகாத கோழிக்கூடு

அந்தத் தெருவில் எல்லோரும் அவரை ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐஸ் விற்றவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஐஸ் தொழிற்சாலையிலும் அதை ஒட்டியிருந்த குளிர்க்கிடங்கிலும் முப்பத்திரண்டு வருஷம் மெஷின் ரூமைப் பார்த்துக்கொண்டவர். குளிரை உண்டாக்குவது பாதி வேலை, உண்டாக்கிய குளிரை வெளியே போகவிடாமல் காப்பது மீதிப் பாதி. கதவு இடுக்கில் ஒரு தலைமுடி நுழைகிற அளவு சந்து இருந்தால்கூட மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. வீட்டில் யாராவது ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால் போதும், "உள்ள என்ன சினிமாவா ஓடுது?" என்று கேட்டுவிட்டுத் தானே வந்து சாத்துவார்.

அப்பேர்ப்பட்டவர் கோழிக்கூடு கட்டக் கிளம்பினார். விளைவு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். யோசித்தாலும் பாதிதான் எட்டும், மீதியை நான் சொல்கிறேன்.

கோழி வளர்க்கும் ஆசை அவருடையது இல்லை, மனைவியுடையது. கல்யாணமான புதிதிலேயே கேட்டாள். அப்போது குடியிருந்தது மூன்றாவது மாடி. அங்கிருந்து போனது இன்னொரு வீட்டின் இரண்டாவது மாடி. அதற்குப் பிறகு கீழ் வீடு கிடைத்தது, ஆனால் பின்னால் துணி காயப்போடவே இடம் இல்லை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கூடத்தில் நாள் முழுக்கத் தையல் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருவாள். வாய்விட்டு அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்கிற பழக்கமே கிடையாது. கேட்டது இந்த ஒன்றுதான். போன வருஷம் பின்பக்கம் பத்தடிக்குப் பன்னிரண்டடி மண் தரையோடு ஒரு வீடு அமைந்தது. சாமான் மூட்டையைப் பிரித்து முடிப்பதற்குள் ஆறு கோழிக்குஞ்சுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். சமையலறை மூலையில் அட்டைப்பெட்டி வைத்து, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, கண்ணும் கருத்துமாக வளர்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எல்லாவற்றிலும் நோஞ்சானாக இருந்தவள் சின்னவள். அவளுக்கு மட்டும் உள்ளங்கையில் வைத்து ஊட்டல்.

குஞ்சுகள் அரைக்கோழி ஆன சமயத்தில் மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. இவள் ஒன்றரை மாதம் அங்கே போய் இருந்தாக வேண்டும். கோழிகளை நினைத்துக் கால் நகரவில்லை. ஐஸ்காரர் மார்தட்டினார். "நீ நிம்மதியா போயிட்டு வா. வரும்போது உன் பொண்ணுங்க தனி வீட்டுல இருப்பாங்க." அவள் பஸ் ஏறினாள்.

இந்த இடத்தில் அவருடைய ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் மீதிக்கதை விளங்காது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் மெஷின் ரூமில் ஒரு குழாய் வெடித்தது. குளிர் உண்டாக்க அந்தக் குழாய்களில் ஓடுவது அம்மோனியா. கொஞ்சம் கசிந்தாலே ஆளைத் தூக்கி அடிக்கும். எல்லோரும் வெளியே ஓடினார்கள். இவர் வால்வை மூடிவிட்டுத்தான் வருவேன் என்று நின்றார். மூடினார். பிறகு நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மனைவி வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, முடித்துவிட்டு ஒரு தடவை வந்து, வாயில் ஸ்பூனால் ஊட்டிவிட்டுப் போனாள். நெஞ்சு தேறியது, தொண்டை தேறியது. மூக்கு தேறவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் ஆரஞ்சு உரித்தபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. பழம் கண்முன்னால் இருக்கிறது, வாசனை மட்டும் இல்லை. நாளைக்கு வந்துவிடும் என்று நினைத்தார். பதினொரு வருஷமாக வரவில்லை.

வெளியே சொன்னால் வேலை போச்சு. அம்மோனியா நெடி தெரியாத ஆளை மெஷின் ரூமில் யார் வைத்துக்கொள்வார்கள்? அங்கே ஒரு இளஞ்சிவப்புத் தாள் உண்டு. அதை நனைத்துப் பிடித்தால், காற்றில் அம்மோனியா இருக்கும் இடத்தில் நீலமாக மாறிவிடும். மற்றவர்கள் மூக்கை நம்பினார்கள். இவர் மணிக்கொரு தரம் தாளை நனைத்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் அலைந்தார். இவரைப் போல ஜாக்கிரதையான ஆள் கிடையாது என்று பெயரே வாங்கிவிட்டார்.

வீட்டிலும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு அவள் விழுந்து விழுந்து சமைத்திருந்தாள். தட்டை வைத்துவிட்டு, வாசனை எப்படி என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "தெருமுனை வரைக்கும் தூக்குது" என்றார். அவள் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷம் கழித்து உண்மையைச் சொல்வதென்றால் அத்தனை நாள் சாப்பாட்டையும் பொய்யாக்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் அவர் வாய் திறக்காததற்கு அந்தப் பயம்தான் காரணம்.

இப்போது கூட்டுக்கு வருவோம்.

ஐஸ்காரர் ஆணி அடித்தது கிடையாது, மரம் அறுத்தது கிடையாது. ஆனால் அறை கட்டத் தெரியும் என்று நினைத்தார், அவருக்குத் தெரிந்த அறை குளிரறை ஒன்றுதான். பழைய தொழிற்சாலைக்குப் போய் நின்றார். அங்கே அவருக்கு இல்லாத மரியாதையா? கழித்துப்போட்ட சுவர்ப் பலகைகள், அதாவது இரண்டு பக்கம் தகரமும் நடுவில் கெட்டியான நுரையும் வைத்தவை, நாலைந்தைத் தாங்களே வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். கூடவே ஒரு சிறிய கதவு, அதைச் சுற்றி ஒட்ட ஒரு சுருள் ரப்பர் பட்டை.

பத்து நாள் வேலை நடந்தது. பழைய ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கம் படம் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். தரையிலிருந்து ஈரம் ஏறாமல் செங்கல்லை அடுக்கி மேடை கட்டினார். அதில் மட்டம் பார்த்த கண்ணாடிக் குழாயில் குமிழி நட்டநடுவில் நிற்கிற வரைக்கும் அரை நாள் குந்தியே இருந்தார். கோழி ஏறி உட்கார வழுவழுப்பான இரும்புக் குழாய் போட்டார். கோழிகள் ஏறி, சறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து எழுந்து அவரையே பார்த்தன. குழாயைக் கழற்றிவிட்டு மரக்கட்டை போட்டார். கதவுக்கு உள்பக்கமும் ஒரு தள்ளுக்கட்டை வைத்தார். குளிரறையில் யாராவது தெரியாமல் மாட்டிக்கொண்டால் உள்ளேயிருந்து திறப்பதற்காக வைப்பது. கோழி அதை எப்படித் தள்ளும் என்று அவர் யோசிக்கவே இல்லை. முன்னால் பகலில் உலாவக் கம்பி வலைக் கூண்டு. கடைசியில் சந்து பொந்தெல்லாம் பசை வைத்து அடைத்து, கதவைச் சுற்றி ரப்பரை ஒட்டி, சாத்தினார். கதவு 'பப்' என்று ஒரு சத்தத்தோடு பொருந்தியது. முப்பத்திரண்டு வருஷம் கேட்ட சத்தம். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலையில் மனைவி போன் செய்தாள். எலி நுழையாது, பூனை நுழையாது, எறும்பு நுழையணும்னாக்கூட என்னைக் கேட்டுட்டுத்தான் நுழையணும் என்று பீற்றிக்கொண்டார். அவள் சிரித்துவிட்டு, போனைக் கோழிகளின் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள்.

கோழிகள் குடியேறி நாலைந்து நாள் ஆகியிருக்கும். காலையில் கதவைத் திறந்தால் உள்ளே தகரமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். வேறு யாராக இருந்தாலும் உள்ளே புழுங்குகிறது என்று புரிந்துகொண்டிருப்பார்கள். குளிரறையில் தண்ணீர் கோத்தால் அதற்கு ஒரே அர்த்தம், எங்கோ சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. அதனால் ஐஸ்காரர் என்ன செய்தார்? டார்ச்சை எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, விட்டுப்போன இடங்களைத் தேடித் தேடி இன்னும் இறுக்கமாக அடைத்தார். மறுநாள் தண்ணீர் அதிகமாகக் கோத்தது. ரப்பரை இரண்டு அடுக்காக்கினார். வேலை செய்யும்போது கண் கரித்தது. வயசாகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மெதுவாகப் பேசவே தெரியாது, அதனால் தெருவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். மதில் ஓரம் சருகு விழுகிற விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே முட்டிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் அவர் வேனைக் கழுவுவதும் ஐஸ்காரர் கூட்டைத் திறப்பதும் ஒரே நேரம். ஒரு நாள் மதிலுக்கு மேலே தலை தெரிந்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நீங்க அந்தக் கதவைத் திறந்தாலே நெடி ஆளைக் கொல்லுது."

"அதுலேர்ந்து காத்தே வெளிய வராது தம்பி. நெடி எங்கேருந்து வரும்?"

ஹாரன் வாயடைத்துப் போனது அந்தத் தெரு சரித்திரத்தில் அன்றைக்குத்தான். ஐஸ்காரர் விடுவிடுவென்று உள்ளே வந்துவிட்டார். சருகுக்குப் பழி வாங்குகிறான், வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார். மறுநாளும் ஹாரன் சொன்னார். அதற்கு மறுநாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேன் கழுவினார். ஐஸ்காரர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் சின்னவள் தீனிக்கு வரவில்லை. மூலையில் சிறகை உப்பிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தாள். தூக்கிப் பார்த்தால் இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டு ஓரத்தில் நுரை. தலையை உதறி உதறித் தும்மினாள். கறுப்பி என்ற இன்னொரு கோழிக்கும் கண்ணில் நீர் வடிந்தது. அன்று மாலை மனைவி சின்னவளைப் பற்றிக் கேட்டாள். "நல்லா இருக்கா" என்று சொல்லி வைத்தார். போனை வைத்த பிறகு சின்னவளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் பொறுத்திருந்து ஒருத்தி கேட்ட ஒரே ஒரு விஷயம், இவரை நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

காலையில் ஹாரனுடைய தலை மறுபடி தெரிந்தது. "நெடி" என்று ஆரம்பித்தார். ஐஸ்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நிரூபித்துக் காட்டி இவன் வாயை ஒரேயடியாக அடைத்துவிடுவது என்று உள்ளே போய், பழைய டூல் பாக்ஸின் அடியிலிருந்து அந்த இளஞ்சிவப்புத் தாளை எடுத்து வந்தார். ஹாரன் பார்க்கட்டும் என்றே மதிலோரம் நின்று அதைத் தண்ணீரில் தோய்த்தார். கூட்டுக்குள்ளே கையை நீட்டிப் பிடித்தார்.

பத்து எண்ணுவதற்குள் தாள் நீலமாகிவிட்டது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இன்னொரு தாளை எடுத்துத் தரைக்குப் பக்கத்தில், கோழிகளின் தலை மட்டத்தில் பிடித்தார். அது இன்னும் சீக்கிரமாக மாறியது. எச்சத்திலிருந்தும் ஈரத்திலிருந்தும் கிளம்பிய அதே அம்மோனியா. தன்னை நாற்பது நாள் படுக்கப்போட்ட சனியனை, ஆறு வாயில்லா ஜீவன்களோடு சேர்த்து உள்ளே வைத்து, ரப்பர் போட்டு இரண்டு வாரமாக அடைத்து வைத்திருக்கிறார். அப்படியே செங்கல் மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

ஹாரன் மதில் தாண்டிக் குதித்து வந்தார். என்னண்ணே, நெஞ்சு வலியா என்று கேட்டார். ஐஸ்காரர் நீலத் தாளைக் காட்டினார்.

"எனக்கு வாசனை தெரியாது தம்பி. பதினொரு வருஷமா. வீட்டுல கூடத் தெரியாது."

ஹாரன் முதலில் ஆறு கோழிகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து நிழலில் விட்டார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நேராகத் திரும்பி வந்து, சின்னவளையும் கறுப்பியையும் துணிப்பையில் வைத்துக்கொண்ட ஐஸ்காரரைத் தன் வேனில் ஏற்றிக் கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் கண்ணைக் கழுவி மருந்து விட்டார். நல்ல காற்று கிடைத்தால் பிழைத்துக்கொள்ளும், இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் கண் போயிருக்கும் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் ஐஸ்காரர் பையை மடியில் அணைத்துக்கொண்டு, ஹாரனின் பின்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் நாளே இவன் பேச்சைக் கேட்டிருக்கலாமே என்று இருந்தது. கேட்காத ஆளிடமும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தானே என்று நன்றியாகவும் இருந்தது.

சாயங்காலம் அறுவை ஆரம்பமானது. கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கு ஒரு சாண் அகலத்துக்குப் பலகையை அறுத்து எடுத்து, கம்பி வலை வைத்து அடிக்க வேண்டும். கோழி உட்காருகிற உயரத்துக்கு மேலே காற்று ஓடினால் குளிரும் தாக்காது, நெடியும் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹாரன் ரம்பத்தை வைத்தபோது ஐஸ்காரர் தன் காலையே அறுப்பது போல முகத்தைச் சுளித்தார். "கண்ணை மூடிக்கங்கண்ணே, ஊசி போடறப்ப அப்படித்தான் பண்ணணும்" என்று ஹாரன் கிண்டல் செய்தார். கடைசியில் கதவைச் சுற்றியிருந்த ரப்பரை ஐஸ்காரரே உரித்து எடுத்தார். அடியில் கிடந்த ஈர மரத்தூளை அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்ததைப் பரப்பினார்கள். மறுநாளிலிருந்து விடிகாலையில் வேன் கழுவும் முன் ஹாரன் மதில் மேல் தலையை நீட்டி, மோந்து பார்த்து, சேதி சொன்னார். ஐஸ்காரரும் தாளை நனைத்துப் பார்த்தார். நாலாம் நாள் சின்னவள் கண்ணைத் திறந்து, மருந்து விட வந்த விரலைக் கொத்தினாள். அவ்வளவு சந்தோஷமாக அவர் கொத்து வாங்கியதே இல்லை.

மனைவி திரும்பி வருவதற்கு முதல் நாள் ஹாரன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தான் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஆக, எல்லாம் சரியாகிவிட்டது. கோழிகள் ஆறும் இருக்கின்றன, கூடு இருக்கிறது, ரகசியமும் பத்திரமாக இருக்கிறது. ஐஸ்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

அவள் வந்ததும் பையைக்கூட இறக்கவில்லை, நேராகப் பின்பக்கம் போனாள். கோழிகள் வளர்ந்த வளர்த்தியைப் பார்த்து வாயைப் பிளந்தாள். சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். மேலே ஓடிய வலையை விரலால் தடவினாள்.

"எவ்வளவு நல்லா காத்து போகுது. ஒரு வாடை இல்ல. முப்பது வருஷமா கேட்டதை உங்க கையாலயே கட்டிக் குடுத்துட்டீங்க. எனக்கு வேற என்னங்க வேணும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொள்ள அவருக்கு இடம் இல்லை. திட்டியிருந்தால்கூட மென்று முழுங்கியிருப்பார். நின்ற இடத்திலேயே சொல்ல ஆரம்பித்தார். ஆரஞ்சுப் பழத்திலிருந்து தொடங்கி, நனைத்த தாள், ரப்பர் பட்டை, சின்னவளின் கண், போனில் சொன்ன பொய், ஹாரன் மதில் தாண்டிக் குதித்தது வரை எதையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

அவள் சின்னவளின் கண் இமையைப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு கண்ணும் தெளிவாக இருந்தன. அப்புறம்தான் கேட்டாள்.

"அப்ப நான் சமைச்சது?"

"உப்பு, புளிப்பு, காரம், இனிப்பு தெரியும். மத்தது தெரியாது."

"தெருமுனை வரைக்கும் தூக்குதுன்னு தினமும் சொன்னீங்களே."

அவள் கோழியை இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வரை சமையலறையில் பாத்திரம் இடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஐஸ்காரர் பின்வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சமைத்து முடித்ததும் முதல் தட்டு மூடி போட்டு மதிலைத் தாண்டி ஹாரன் வீட்டுக்குப் போனது. கோழிகளைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு அவள் அங்கே நின்று கைகூப்புவது இவருக்குத் தெரிந்தது. திரும்பி வந்து இவருக்கும் தட்டு வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"இனிமே உங்களுக்கு நிஜமா தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. போதும்."

அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். பதினொரு வருஷத்துப் பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. அதை முழுங்கினார். இன்னொரு வாய் சாப்பிட்டார். ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு பயந்தவர் இல்லை.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.

அவள் தன் தட்டிலிருந்து எடுத்து ருசி பார்த்தாள். "ஆமா" என்றாள். அப்புறம், "இத்தனை வருஷமும் உப்பு சரியாவா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"இல்ல. பல நாள் அதிகம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்தாள்.

"அப்புறம் ஏன் ஒரு நாள்கூடத் தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கல?"

"நீ போட்ட சோறு" என்றார் ஐஸ்காரர். "அதான்."

அவள் எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வந்து, ஒரு சிட்டிகை எடுத்து அவர் தட்டில் தூவிவிட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவர் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப சரியா இருக்கு" என்றார். அவள் நம்பினாள்.